சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு 3 நாள் களப் பயிற்சி: குமரி மாவட்டத்தில் எந்த இடம், எந்த ஆவணம்?

தேரூர்க்குளம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். 9, 10-ஆம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கும் பட்டதாரி ஆசிரியர்கள் 40 பேருக்கு ஜனவரியில் 3 நாள் பயிற்சி திட்டமிடுகிறோம். அகஸ்தீஸ்வரத்தில் தொடங்கி விளவங்கோடு வரை எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். பலருக்குப் புவியியல்தான் முதன்மைப் பாடம். கல்வெட்டு, செப்பேடு, அரசாணை போன்ற மூல ஆவணங்களைப் பாடநூலில் இரண்டு வரியாகப் பார்த்திருப்பார்களே தவிர, முழு வாசகத்தைப் படித்திருக்க மாட்டார்கள்.

பேருந்து இரண்டு நாளைக்குக் கிடைக்கும். ஒரு நாள் பயிற்சி அரங்கிலேயே. முதல் வரைவில் பத்மநாபபுரம் அரண்மனை, உதயகிரிக் கோட்டை, சிதறால், வட்டக்கோட்டை, சுசீந்திரம் ஐந்தையும் ஒரே நாளில் போட்டிருக்கிறார்கள். மறுநாளுக்கு இன்னும் இடம் தேடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் மாற்றாக என்ன வைப்பது?

கேட்க நினைப்பது இவை. எந்த இடத்துக்கு எந்த ஆவணம் பொருந்தும்? வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் உள்ள கல்வெட்டை, அந்த எழுத்தே தெரியாத ஆசிரியர்களிடம் கொடுத்துப் பயனுண்டா? பிள்ளைகளை எல்லாம் அங்கே கூட்டிப்போக முடியாது என்னும்போது, பார்த்ததை 45 நிமிட வகுப்பாக மாற்றுவது எப்படி? தோள்சீலைப் போராட்டம் (பெண்களின் மேலாடை உரிமைக்கானது), 1954 (திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட போராட்டம்) போன்றவற்றை எடுத்தால் அரங்கில் வாக்குவாதம் வரும் என்று சிலர் தயங்குகிறார்கள், அவற்றை விட்டுவிடுவதா?

---

வேளிமலை:

ஐந்து இடத்தை ஒரு நாளில் வைத்தால் பேருந்தில் ஏறி இறங்கவே பொழுது போய்விடும். அரை நாளுக்கு ஓரிடம், ஓரிடத்துக்கு ஓர் ஆவணம். அதற்கு மேல் வேண்டாம். இடத்தைப் பார்த்துவிட்டு வந்து ஆவணம் படிக்கும் வழக்கத்தையும் மாற்றுங்கள். ஆவணத்தை முதலில் அரங்கில் உட்கார்ந்து படிக்க வேண்டும். படித்து, ‘இதை அங்கே போய்ச் சரிபார்க்கணும்’ என்று ஆசிரியரே மூன்று கேள்வி எழுதிக்கொண்ட பிறகே பேருந்து கிளம்ப வேண்டும். கேள்வி கையில் இல்லாமல் போனால் வழிகாட்டி சொல்வதைக் குறிப்பெடுப்பதோடு முடிந்துவிடும். பிறகு வகுப்பில் வழிகாட்டியின் கதைதான் பாடமாகும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகச் சொல்கிறேன். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் டி லனாய் கல்லறை இருக்கிறது. குளச்சல் போரில் டச்சுக் கம்பெனிப் பக்கம் நின்று தோற்றுச் சிறைப்பட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்தவர் அவர். கல்லில் லத்தீனிலும் தமிழிலும் வாசகம் உண்டு. லத்தீன் வாசகத்தின் சாரம் இவ்வளவுதான்: வழிப்போக்கனே நில், இங்கே கிடப்பவர் எவுஸ்தாக்கியுஸ் பெனடிக்டுஸ் தெ லனாய், திருவிதாங்கூர்ப் படையின் தலைமைத் தளபதியாக ஏறக்குறைய 37 ஆண்டுகள் மன்னருக்கு ஊழியம் செய்தார், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள அரசுகளை ஆயுத வலியாலும் அச்சத்தாலும் அடிப்படுத்தித் தந்தார், 62 ஆண்டு 5 மாதம் வாழ்ந்து 1777 ஜூன் 1-ல் இறந்தார்.

இதை அச்சிட்டு ஐந்து பேருக்கு ஒரு தாள் கொடுங்கள். தாள் ஏ3 அளவில், வாசகம் இடப்பக்கம், வலப்பக்கம் நான்கு கட்டம்: என்ன சொல்கிறது, யார் யாருக்காகச் சொல்கிறார்கள், எதைச் சொல்லவில்லை, தளத்தில் எதைப் பார்த்தால் சரிபார்க்கலாம். 40 நிமிடம் போதும்.

முதல் கட்டம் கணக்கு. 1777-ல் 37-ஐக் கழித்தால் 1740. ஆனால் குளச்சல் போர் 1741 ஆகஸ்ட். அப்படியானால் ‘ஏறக்குறைய’ என்பதன் பொருள் விளங்கும். பிறந்தது 1714 கடைசி அல்லது 1715 தொடக்கம் என்பதும் கழித்தாலே வரும். மூன்றாம் கட்டத்தில்தான் விஷயமே இருக்கிறது. டச்சுக் கம்பெனி என்ற பேச்சு இல்லை. குளச்சல் என்ற பெயர் இல்லை. தோற்றார், சிறைப்பட்டார் என்பது இல்லை. பாடநூலில் அவரைப் பற்றி நாம் சொல்லும் முதல் செய்தியே அவருடைய கல்லறையில் இல்லை! ஏன் என்று அரை மணி நேரம் பேச விடுங்கள். கல்லறை வாசகம் புகழ்மொழி, அதை வெட்டியவர்களுக்கு ஒரு நோக்கம் உண்டு என்பதைக் கருத்தாளர் சொல்லவே வேண்டாம், தானாக வரும்.

பிறகு கோட்டைக்குள் போங்கள். அருகிலுள்ள மனைவி, மகன் கல்லறைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். கல்லறைகள் இருக்கும் இடிந்த சிற்றாலயத்தின் அமைப்பு, கோட்டைச் சுவரின் கனம், குன்றைச் சுற்றிச் சுவர் போன விதம் ஆகியவை நான்காம் கட்டத்துக்கான விடைகள். தளத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். திரும்பியதும் 50 நிமிடம், அதே தாளில் வேறு நிற மையால் திருத்த வேண்டும். எது மாறியது என்பது கண்ணுக்குத் தெரியும்.

அடுத்த பாதி நாளுக்குப் பத்மநாபபுரம் பக்கத்திலேயே இருக்கிறது. அரண்மனையை முழுதாகப் பார்க்கப் போனால் பயிற்சி கெடும். ஊட்டுப்புரையை (உணவுக்கூடத்தை) மட்டும் எடுங்கள். ஒரு நாளைக்கு 2000 பேர் சாப்பிட்டார்கள் என்று அங்கே வழக்கமாகச் சொல்வார்கள். ஆசிரியர்கள் கூடத்தின் நீள அகலத்தைக் காலடியால் அளக்கட்டும் (முதலில் அரங்கில் 10 மீட்டர் கயிறு போட்டு, தன் நடையில் எத்தனை அடி என்று ஒவ்வொருவரும் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்). இலை போட்டுச் சம்மணமிட்டு உட்கார ஓர் ஆளுக்கு 60 செ.மீ. அகலம், இரண்டு வரிசைக்கு நடுவே பரிமாறுபவர் நடக்க ஒரு மீட்டர் என்று வைத்து, ஒரு தளத்தில் எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை பேர் என்று போடட்டும். மேல்தளத்தையும் சேர்க்கட்டும். ஒரே பந்தியா, பல பந்தியா என்ற கேள்வி அப்போதுதான் வரும். எண்ணைச் சோதிக்கப் பழகிய ஆசிரியர் வேறெந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க மாட்டார்.

வட்டக்கோட்டையை விட்டுவிடுங்கள். அழகான இடம்தான், ஆனால் அதோடு சேர்த்துப் படிக்க எளிய ஆவணம் கிடைக்காது.

வகுப்புக்கு மாற்றுவது பற்றி. தளத்தில் ஒவ்வொரு குழுவும் மூன்றே படம் எடுக்கலாம் என்று கட்டுப்பாடு வையுங்கள்: தூரத்திலிருந்து இடம் முழுதும், நடுத்தூரத்தில் பொருள், அருகே ஒரு நுணுக்கம். படத்தில் அளவுகோல் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், 30 செ.மீ. ஸ்கேல் போதும். இந்த மூன்று படமும் ஆவணத்தின் ஐந்தாறு வரியும்தான் 45 நிமிட வகுப்பு. முதல் 10 நிமிடம் படம் மட்டும், விளக்கம் கிடையாது. அடுத்த 15 நிமிடம் வாசகம். அடுத்த 15 நிமிடம் ‘எதைச் சொல்லவில்லை’. மிச்சத்தில் பாடநூல் பத்தியைத் திறந்து ஒப்பிட வேண்டும். மூன்றாம் நாள் பிற்பகல் ஒவ்வொரு குழுவும் இதை மற்றொரு குழுவுக்கு எடுத்துக்காட்ட வேண்டும். ஆசிரியர் முதல் பத்து நிமிடத்திலேயே விடையைச் சொல்லிவிடுவார், கட்டாயம் நடக்கும். அப்போது நிறுத்தித் திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள்.

வட்டெழுத்து வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று நாளில் எழுத்துப் பயிற்சிக்கு நேரமில்லை. அச்சில் வந்த வாசகத்தைக் கொடுத்தால் போதும்.

---

பறளியாறு:

வேளிமலை சாரின் முறை சரி, கடைசி வரி தவிர. வட்டெழுத்தை முழுதாகப் படிக்கக் கற்றுக்கொடுக்க முடியாது, உண்மைதான். ஆனால் ஒரு சொல்லையாவது கல்லில் கண்டு தானே படித்த ஆசிரியருக்கும் அச்சு வாசகத்தை மட்டும் பார்த்த ஆசிரியருக்கும் நிறைய வேறுபாடு உண்டு. கல்லில் புள்ளி இல்லை, சொல்லுக்கு இடையே இடைவெளி இல்லை, எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை, ப-வும் வ-வும் பல இடங்களில் மயங்கும். இவை தெரிந்தால்தான் அச்சில் வந்திருப்பது ஒருவர் படித்த பாடம், கல் வேறு என்பது புரியும். அறிஞர்கள் ஏன் ஒரே கல்வெட்டை வேறு வேறாகப் படிக்கிறார்கள் என்ற கேள்விக்கும் அதுவே விடை.

அதற்கு ஏற்ற இடம் சிதறால், அதாவது திருச்சாரணத்து மலை. பாறையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. சிலவற்றின் கீழ் செய்வித்தவர் பெயர் குறுகிய வரியாக வட்டெழுத்தில் இருக்கிறது. ‘அச்சணந்தி செயல்’ என்பது அவற்றில் ஒன்று. இரண்டே சொல். இந்த எழுத்துகளை மட்டும் அரங்கில் அட்டையில் எழுதிப் பழகினால் ஒரு மணி நேரத்தில் மலையில் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அச்சணந்தி பெயர் மதுரையைச் சுற்றிய சமணக் குன்றுகளிலும் வருகிறது. அதைச் சொன்னவுடன் ஆசிரியர்கள் வரைபடத்தை எடுப்பார்கள். மதுரைக்கும் நம்மூருக்கும் நடுவே துறவிகள் நடந்த வழி எது என்பது புவியியல் ஆசிரியர்களுக்கே உரிய கேள்வி.

நீண்ட வாசகம் வேண்டுமென்றால் அங்கேயே ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அரிட்டநேமி படாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குரத்தி பொன் கொடுத்த செய்தி. ஒரு பெண் துறவி, அவருக்கு ஓர் ஆசிரியர், அவர் கையில் கொடையளிக்கப் பொன். சமணத்தைப் பற்றிப் பாடநூல் சொல்வதோடு இதை வைத்துப் பாருங்கள். பிறகு அந்தக் குகைக்கோயில் பகவதி கோயிலாக மாறியதையும் இடத்திலேயே காணலாம். ஒரு மதம் போய் இன்னொன்று வந்தது என்று ஒரே வரியில் முடிக்காமல், எது அப்படியே விடப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்று இரண்டு பட்டியல் போடச் சொல்லுங்கள்.

பேருந்தே வேண்டாத இடம் ஒன்றும் உண்டு: நாகர்கோவில் நாகராஜா கோயில். தூண்களில் தீர்த்தங்கரர் உருவங்கள் இருக்கின்றன. 16-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கல்வெட்டுகளில் குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்ற சமணப் பெயர்கள் வருகின்றன. தினமும் அந்த வழியாகப் பள்ளிக்குப் போகிற ஆசிரியர்கள் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

கல்லில் எழுத்துத் தெரியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வெளிச்சம். உச்சிவெயிலில் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழாது, கல் வழவழவென்று தெரியும். ஒருவர் கறுப்புக் குடையால் மேல்வெளிச்சத்தை மறைக்க, இன்னொருவர் டார்ச்சைக் கல்லோடு ஒட்டி 10 முதல் 15 பாகைச் சாய்வில் பக்கவாட்டிலிருந்து அடிக்க வேண்டும். இடப்பக்கம் ஒன்று, மேலிருந்து ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மூன்று படம் எடுத்து ஒப்பிட வேண்டும். ஒரு திசையில் மறைந்த கோடு மற்றதில் தெரியும். சுண்ணாம்புக்கட்டி, மாவு, எண்ணெய், விபூதி எதையும் எழுத்தில் தேய்க்கக் கூடாது. கல்லுக்குக் கேடு, அதோடு தேய்ப்பவர் தான் நினைத்த எழுத்தையே தேய்த்து எடுப்பார், பிறகு வருபவருக்கு அதுதான் தெரியும். மைப்படி (கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுக்கும் படி) எடுப்பது தொல்லியல் துறையின் அனுமதியோடு பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. பயிற்சியில் செய்து காட்ட வேண்டுமென்றால் கொத்தரிடம் சொல்லி ஒரு கருங்கல் பலகையில் நாலு வரி வெட்டி அரங்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக் கணக்கு தனியாக ஒரு மணி நேரம் வேண்டும், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் மூன்று விதமாக வரும்.

கொல்லம் ஆண்டு: ஆவணி (சிங்கம்) முதல் டிசம்பர் வரையுள்ள தேதிக்கு 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஆடி (கர்க்கடகம்) முடிய 825. ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1112 துலாம் 27. 824 கூட்டினால் 1936, நவம்பர் 12. தோள்சீலை பற்றிய ஆணை 1034 கர்க்கடகம். 825 கூட்டினால் 1859 ஜூலை. எல்லாவற்றுக்கும் 825 கூட்டுவதுதான் வழக்கமான பிழை.

ஆட்சியாண்டு: திருநந்திக்கரைக் குகைக்கோயிலில் முதலாம் ராஜராஜனின் 18-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உண்டு. அவன் பட்டமேறியது 985 என்று வேறு சான்றால் தெரியும். முதல் ஆண்டையும் எண்ணுவதால் 17 கூட்ட வேண்டும், 1002–1003. பட்டமேறிய ஆண்டு தெரியாத மன்னனுக்கு இப்படிக் கணக்கிட முடியாது. சிதறால் கல்வெட்டுக்கு ‘9-ஆம் நூற்றாண்டு இறுதி அல்லது 10-ஆம் நூற்றாண்டுத் தொடக்கம்’ என்று மட்டும் எழுதுவது அதனால்தான்.

கலிநாள்: முஞ்சிறைப் பக்கம் பார்த்திபபுரம் கோயிலுக்குக் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கொடுத்த செப்பேட்டில் கலியுகம் தொடங்கி 14,49,087 நாள் என்று இருக்கிறது. இதை 365.25-ஆல் வகுத்தால் 3967 ஆண்டும் மிச்சம் 140 நாளும். கலித் தொடக்கம் கி.மு. 3102 பிப்ரவரி 18. கி.மு.விலிருந்து கி.பி.க்கு வரும்போது சுழி ஆண்டு இல்லை என்பதை மறக்காமல் கூட்டினால் கி.பி. 866 பிப்ரவரி, அதன்மேல் 140 நாள் போட்டால் ஜூலை. கணக்கு ஆசிரியரையும் கூட அழையுங்கள், அவர்களுக்குப் பிடிக்கும்.

அந்தச் செப்பேடு இந்தப் பயிற்சிக்கு மிகச் சிறந்த ஆவணம். முஞ்சிறைச் சபையிடமிருந்து மாற்று நிலம் கொடுத்து இடம் வாங்கிக் கோயில் எடுத்து, காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாக வைத்து 95 சட்டர்களுக்கு (வேதம் பயிலும் மாணவர்கள்) சாலை, அதாவது கல்விக்கூடம், அமைத்த செய்தி. எந்த வேதப்பிரிவுக்கு எத்தனை இடம் என்பதுகூட இருக்கிறது: 45, 36, 14. சட்டர்களுக்கு ஒழுங்கு விதிகளும் தண்டமும் உண்டு. மன்னனே நிலத்தைச் சும்மா எடுக்காமல் மாற்றுக் கொடுத்தான் என்ற ஒரு வரியில் 9-ஆம் நூற்றாண்டுச் சபையின் வலு தெரிகிறது. அதே நேரம் 95 இடமும் யாருக்கு, யாருக்கு இல்லை என்றும் கேட்க வேண்டும். திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் வாசகம் அச்சாகியிருக்கிறது. கல்வெட்டுகளுக்குத் தமிழ்நாடு தொல்லியல் துறையின் கன்னியாகுமரிக் கல்வெட்டுத் தொகுதிகளைப் பாருங்கள்.

---

தேரூர்க்குளம்:

இருவருக்கும் நன்றி. உதயகிரி, ஊட்டுப்புரை ஒரு நாள். சிதறால், பார்த்திபபுரம் இன்னொரு நாள் என்று மாற்றிவிட்டேன். நவீன காலத்துக்கு ஆவணம் இன்னும் முடிவாகவில்லை. தோள்சீலை, ஆலயப் பிரவேசம் பற்றி யாராவது சொல்லுங்கள். அரங்கில் எல்லாச் சமூகத்து ஆசிரியர்களும் இருப்பார்கள்.

---

வள்ளியாறு:

விட்டுவிடாதீர்கள் டீச்சர். நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் இந்த வரலாற்றை வீட்டில் கேட்டுத்தான் வளர்கிறார்கள். வகுப்பில் பேசாவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரு வரலாறாகவே நிற்கும். வாக்குவாதம் வருவது ஆவணமில்லாமல் பேசும்போதுதான்.

இரண்டு ஆணைகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்கக் கொடுங்கள். 1829 பிப்ரவரி 3 ஆணை: சாணார் பெண்கள் மேல்சீலை போடக் கூடாது, கிறிஸ்தவரானவர்கள் குப்பாயம் (சட்டை போன்ற மேலுடை) போட்டுக்கொள்ளலாம், மற்றவர்களைப் போல ஊழிய வேலையும் (கூலியில்லாக் கட்டாய வேலை) செய்ய வேண்டும். 1859 ஜூலை 26 ஆணை: கிறிஸ்தவப் பெண்களைப் போல எல்லாச் சாணார் பெண்களும் குப்பாயம் போடலாம், முக்குவ (மீனவ)ப் பெண்களைப் போல முரட்டுத் துணி கட்டலாம், வேறெப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது.

அந்தக் கடைசி வரிக்கு முன் நிறுத்தி, ‘1859-ல் என்ன கிடைத்தது’ என்று எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலோர் ‘மேலாடை உரிமை கிடைத்தது’ என்று எழுதுவார்கள். பிறகு கடைசி வரியைக் கொடுங்கள். ஆணை எதை விட்டுக்கொடுத்தது, எதை விடாமல் பிடித்துக்கொண்டது என்பதை அவர்களே பிரித்து எழுதட்டும். பெண்களின் போராட்டம் எவ்வளவு கடினமான சுவரை மோதியது என்பது அந்த விலக்கில்தான் இருக்கிறது.

இதனோடு மூன்றாவதாக லண்டன் மிஷன் போதகர்களின் கடிதம் ஒன்றும், நான்காவதாகச் சென்னை ஆளுநர் ட்ரெவெல்யன் காலத்துக் கடிதப் போக்குவரத்தில் ஒரு பத்தியும் சேர்க்கலாம். மிஷன் கடிதம் வெளிநாட்டு ஆதரவாளர்கள் படிப்பதற்காக எழுதியது. அரண்மனை ஆணை ஒழுங்கு காக்க எழுதியது. ஆளுநர் கடிதம் திவானை நெருக்க எழுதியது. மூன்றிலும் அந்தப் பெண்களின் குரல் நேராக இல்லை. அதைச் சொல்லாமல் பாடத்தை முடிக்கக் கூடாது.

அரங்க ஒழுங்கு இப்படி இருக்கட்டும். ஆவணத்தில் உள்ள சாதிப்பெயரை ஆவணத்தை வாசிக்கும்போது மட்டும் அப்படியே வாசிக்கலாம். பேசும்போது ‘இந்த ஆணை குறிப்பிடும் மக்கள்’ என்று சொல்ல வேண்டும். ‘உங்க ஆட்கள்’, ‘எங்க ஆட்கள்’ என்ற பேச்சு கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். யார் எந்தக் கருத்தைச் சொன்னாலும் அடுத்த கேள்வி ‘எந்த வரியில் இருக்கிறது?’ என்பதாக இருக்க வேண்டும். குழுவை ஊர்வாரியாகப் பிரிக்காமல் தாலுகா கலந்து பிரியுங்கள்.

ஆலயப் பிரவேசப் பிரகடனத்தையும் இப்படி வரிவரியாகப் படிக்கலாம். ‘நம்முடைய, நம் அரசின் கட்டுப்பாட்டிலுள்ள கோயில்கள்’ என்ற எல்லையும், சடங்குமுறை காக்க விதிகள் இடலாம் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கின்றன. தனியார் கோயில்? அதைக் கேட்க வைப்பதுதான் வேலை. இதற்கு இடம் சுசீந்திரம். 1926-ல் சத்தியாகிரகம் நடந்தது கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக. எனவே ஆசிரியர்கள் கோயிலுக்குள் போகும் முன் நான்கு ரத வீதியையும் நடக்க வேண்டும். கோபுரத்தையும் இசைத்தூணையும் பார்ப்பதோடு திரும்பிவிட்டால் அந்தத் தெருக்களின் வரலாறு கண்ணில் படாது.

1954-க்கு வரைபடம் வைத்துத் தொடங்குங்கள். ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு. கேட்ட தாலுகாக்கள் எவை, 1956 நவம்பர் 1-ல் வந்தவை எவை என்று இரண்டு நிறத்தில் தீட்டச் சொல்லுங்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வந்தன. செங்கோட்டையில் ஒரு பகுதி திருநெல்வேலிக்குப் போனது. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை வரவில்லை. அடுத்து 1951 மக்கள்தொகைக் கணக்கின் மொழிவாரி அட்டவணை. அதே வாரத்துத் தமிழ்ப் பத்திரிகைச் செய்தி ஒன்று, மலையாளப் பத்திரிகைச் செய்தி ஒன்று. மலையாளம் படிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் எல்லைப் பக்கப் பள்ளிகளில் நிச்சயம் இருப்பார்கள். அவர்களைக் குழுவுக்கு ஒருவராகப் போடுங்கள்.

அதே ஆசிரியர்கள் இன்னொன்றுக்கும் தேவை. 1956-க்கு முந்திய ஆதாரம் (நிலப் பத்திரம்), ஒற்றிப் பத்திரம், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு எல்லாம் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். பழைய பள்ளியாக இருந்தால் சேர்க்கைப் பதிவேட்டைவிட நல்ல மூல ஆவணம் கிடையாது: எந்த ஊரிலிருந்து வந்தார்கள், தகப்பன் தொழில் என்ன, பெண்பிள்ளைகள் எந்த ஆண்டிலிருந்து கூடினார்கள், எந்த வகுப்பில் நின்றார்கள். பெயர்ப் பத்தியையும் சாதிப் பத்தியையும் தாளால் மறைத்துவிட்டுத்தான் படமெடுக்க வேண்டும். பத்திரங்களில் பணக்கணக்கு சக்கரம் என்ற திருவிதாங்கூர் நாணயத்தில் வரும்: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய், பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். இதை ஓர் அட்டையில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

நாஞ்சில்நாட்டுக்காரர்களுக்கு இன்னொரு சுரங்கம் உண்டு. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் ஓலைகள். நிலம், வரி, அடிமை விற்பனை, நாட்டார் கூட்டத் தீர்மானம் என்று கிராமத்தளவில் பேசும் ஆவணங்கள். அரசனுடைய கல்வெட்டையே படித்துப் பழகியவர்களுக்கு, வரி கொடுத்தவன் பக்கத்திலிருந்து ஓர் ஓலையாவது காட்ட வேண்டும்.

---

தோவாளைப்பூ:

நடைமுறை மட்டும் சொல்கிறேன்.

பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தக்கலையில் என்றாலும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. அனுமதிக் கடிதம் அவர்களுக்குப் போக வேண்டும். நம் கல்வி அலுவலகத்துக் கடிதம் மட்டும் வாயிலில் செல்லாது. திங்கள் விடுமுறை. மதியம் சிறிது நேரம் மூடுவார்கள், அதனால் காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது. காலடி அளவை எடுப்பதாகக் கடிதத்திலேயே எழுதுங்கள். டேப்பை எடுத்து நீட்டினால் காவலர் தடுப்பார். நடந்து எண்ணினால் தொல்லையில்லை.

உதயகிரிக்குள் வனத்துறைப் பூங்கா வழியாகத்தான் போக வேண்டும். சிதறால் இந்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில். பொறுப்பு அலுவலகம் எது என்று தளத்துப் பலகையில் பார்த்து, முக்காலி வைத்துப் படம் எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கைப்பேசியில் எடுப்பதற்கு அது வேண்டாம். சுசீந்திரத்தில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குறிப்புத்தாளை மடித்து இடுப்பில் சொருகி எல்லாம் நனைந்து போகும், கிளிப் அட்டை கொடுங்கள்.

40 பேரையும் ஒரே கல்லின் முன் நிறுத்த முடியாது. ஒரு கல்வெட்டுக்கு முன்னால் ஐந்து பேர்தான் நின்று படிக்கலாம். எட்டுக் குழு, நான்கு குழு கல்வெட்டில் இருக்கும்போது நான்கு குழு கட்டட அமைப்பைப் பார்க்கட்டும், 25 நிமிடத்தில் மாறட்டும். குழுவுக்கு ஒரு டார்ச், ஒரு கறுப்புக் குடை, ஒரு ஸ்கேல். பின்னால் நிற்பவர்களுக்குக் கல் தெரியாவிட்டால் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள், அதோடு கவனம் போய்விடும்.

நம்மூருக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதலே பாறை வழுக்கும், அக்டோபர், நவம்பரில் கேட்கவே வேண்டாம். ஜனவரி சரியான மாதம். ஆனால் பொங்கல் வாரத்தில் வைத்தால் தளத்தில் கூட்டம் தாங்காது, இரண்டாம் பாதியில் வையுங்கள்.

---

பறளியாறு:

தேரூர்க்குளம், ஒரு திருத்தம். சிதறாலைக் காலையில் வையுங்கள், பார்த்திபபுரத்தைப் பிற்பகலுக்கு மாற்றுங்கள். மலை ஏற்றம் வெயிலுக்கு முன் முடிந்துவிடும். பார்த்திபபுரம் கோயில் நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும், மாலையில் திறப்பார்கள். அதற்குள் வெளியே வேலை இருக்கிறது. செப்பேட்டில் நிலத்துக்கு நாலெல்லை சொல்லியிருக்கிறது. அந்த எல்லைப் பெயர்களை எழுதிக்கொண்டு, சுற்றியுள்ள வயல், குளம், கால்வாய் பெயர்களை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, கிராம வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பெயர் பொருந்தினாலும் உடனே ‘இதுதான் அது’ என்று எழுத விடாதீர்கள். ஒத்த பெயர் வேறு இடத்திலும் இருக்கலாம். ‘பொருந்துகிறது’, ‘பொருந்தலாம்’, ‘இல்லை’ என்று மூன்று பத்தி போட்டு, ஒவ்வொன்றுக்கும் யார் சொன்னார்கள், அவருக்கு வயது என்ன, அந்த நிலத்தோடு அவருக்கு என்ன தொடர்பு என்று பக்கத்தில் எழுத வேண்டும்.